மசாரு இபுகா விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைப்பது எப்படி? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் ஒரு கட்டத்தில் யாராவது எழும்பி, "எங்கட ஆள் ஒருத்தர் வெளிநாட்டில இவ்வளவு செய்திருக்கிறார், சர்வதேச விருது ஒன்றுக்கு ஏன் போடக்கூடாது?" என்று கேட்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். அப்புறம் அந்த வேலை கணினி தெரிந்த ஒருவரின் தலையில் விழும். எங்கள் சங்கத்தில் அது என் தலையில் விழுந்தது. எங்கே தொடங்குவது, எதைச் சேர்ப்பது, எது வீண்வேலை என்று சொல்ல ஆள் இல்லை. அடுத்தது உங்கள் தலையாக இருந்தால் இதை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

விருது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ ட்ரிபிள் ஈ என்று நாம் சொல்லும் உலகப் பொறியியலாளர் அமைப்பு, நுகர்வோர் இலத்திரனியல் துறைக்கென்று வழங்கும் விருது இது. சோனியை நிறுவியவர்களில் ஒருவரான மசாரு இபுகாவின் பெயரில் இருக்கிறது. ஒருவருக்குக் கொடுப்பார்கள், அல்லது மூன்று பேருக்கு மேற்படாத குழுவுக்கு. வெண்கலப் பதக்கம், சான்றிதழ், பணப்பரிசு மூன்றும் உண்டு. இணையத்தில் தேடும்போது "மசாரு இபுகா" என்ற பெயரை மட்டும் ஆங்கிலத்தில் (Masaru Ibuka) போட்டாலே சரியான பக்கம் வரும்.

1. ஆள் பொருந்துகிறாரா என்று பாருங்கள்

இதில் ஒரு மாலை நேரம் செலவழித்தால் பல மாத வேலை மிச்சம். பெரிய பொறியியலாளர் என்பது மட்டும் இந்த விருதுக்குப் போதாது. அவர் செய்த வேலை வீடுகளுக்குள் வந்திருக்க வேண்டும்.

இதைப் பெற்றவர்களில் ஒருவர் கீஸ் இம்மிங்க். சீடியிலும் டிவிடியிலும் தரவை எழுதும் குறிமுறைகள் அவருடைய வேலை. 2018-இல் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் தொடங்கிய லினக்ஸ்தான் இன்று அண்ட்ரோய்ட் போனுக்குள்ளும், வீட்டு ரவுட்டருக்குள்ளும், பல ஸ்மார்ட் டீவிகளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்து உங்கள் ஆளின் வேலையைப் பாருங்கள். உயர் அழுத்த மின்கம்பிகளில் முப்பது வருடம் வேலை செய்த ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவருக்கான இடமில்லை. ஐ ட்ரிபிள் ஈ-யிலேயே மின்சக்தி, தொடர்பாடல், கட்டுப்பாட்டியல் என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி விருதுகள் இருக்கின்றன. அங்கே போங்கள்.

அவர் ஐ ட்ரிபிள் ஈ உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறுப்பினர் இல்லையே என்று கைவிட வேண்டாம்.

ஆள் இன்னும் தொழிலின் நடுவில் நிற்பவர் என்றால், விருதை இப்போதைக்கு விட்டுவிட்டு 'சீனியர் மெம்பர்' தரத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உறுப்பினராக இருந்து, பத்து வருடத் தொழில் அனுபவமும் அதில் ஐந்து வருடம் குறிப்பிடத்தக்க வேலையும் காட்டினால் போதும். மூன்று பேர் சான்று சொல்ல வேண்டும், மேலதிகக் கட்டணம் இல்லை. நம் பக்கத்தில் இந்தத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் நிறையப் பேர்.

2. யார் கையில் பேனா?

தன்னைத் தானே பரிந்துரைக்க முடியாது. பரிந்துரைப்பவர் ஒரு தனிமனிதராக இருக்க வேண்டும். "இன்ன சங்கத்தின் வடமாகாணக் கிளை" என்று படிவத்தில் போட இடமில்லை, போட்டால் எடுபடவும் போவதில்லை. பரிந்துரைப்பவரும் ஐ ட்ரிபிள் ஈ உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் படிவத்துக்குள் போகலாம்.

ஆனால் விதி இடம் கொடுக்கிறது என்பதற்காகச் சங்கத் தலைவரின் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அந்த வேலை எப்படி இயங்குகிறது என்று விளங்கப்படுத்தத் தெரிந்தவர்தான் எழுத வேண்டும். சொந்த மகனோ மருமகளோ எழுதுவதையும் தவிருங்கள். விருதுத் தெரிவுக் குழுவில் இருப்பவர்களிடம் கேட்கவே வேண்டாம், அவர்களால் முடியாது.

உள்ளூரில் ஆலோசனை வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்து விரிவுரையாளர்களிடம் போகலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: அந்தப் பீடம் திருநெல்வேலியில் இல்லை, கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. திருநெல்வேலி வளாகத்துக்குள் போய் விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் மின்னஞ்சல் போட்டு நேரம் கேட்டுவிட்டு ஏ9 பஸ்ஸில் ஏறுங்கள்.

3. பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

இப்படி ஒரு படி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. கடைசியில் அதிக நேரத்தைத் தின்றது இதுதான்.

அப்பாவின் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கம் வெளிநாட்டுக் காகிதங்களில் படும் பாடு பெரும்பாடு. உதாரணத்துக்குக் கந்தையாவின் மகன் சிவகுமார் என்று வையுங்கள். பழைய ஆய்வுக் கட்டுரையில் அவர் கே. சிவகுமார். லண்டனில் முதல் வேலையில் சிவகுமார் கந்தையா. கடவுச்சீட்டைப் பார்த்து நிரப்பிய அமெரிக்க நிறுவனத்தில் கந்தையா சிவகுமார். அந்த வரிசையைப் பார்த்து யாரோ சுருக்கியதில் ஒரு மாநாட்டுத் தொகுப்பில் எஸ். கந்தையா ஆகி, அப்பாவே கட்டுரை எழுதியது மாதிரி நிற்பார். போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறும். கலியாணத்துக்குப் பிறகு கணவரின் பெயரை இரண்டாவது பெயராக வைத்துக்கொண்ட பெண் பொறியியலாளர்கள் என்றால், முந்திய வேலை முழுவதும் வேறொருவருடையது போலத் தெரியும்.

தெரிவுக் குழுவில் இருக்கும் ஒருவர் படிவத்தில் உள்ள பெயரைத் தேடல் பெட்டியில் போட்டுப் பார்த்தால், அரைவாசி வேலை அவர் கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே:

ஒரு தாளை எடுத்து, அவர் இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர் வடிவங்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்த நிறுவனம் என்று குறியுங்கள். படிவத்தில் ஒரே ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு, "முந்திய வெளியீடுகள் இன்ன பெயரில் உள்ளன" என்று ஒரு வரியும் சேருங்கள். 'ஓர்சிட்' என்ற ஆய்வாளர் அடையாள எண் இலவசம். அவரையே ஒன்று எடுக்கச் சொல்லி, எல்லாக் கட்டுரைகளையும் அதன் கீழே கொண்டுவரச் செய்தால் இன்னும் நல்லது.

4. சான்றுகளைச் சேர்ப்பது

நம் ஊர்ப் பழக்கத்தில் 'ஆவணம்' என்றதும் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், சமாதான நீதவான் கையொப்பமிட்ட போட்டோக்கொப்பி என்று ஒரு கோப்பு தயாராகிவிடும். இங்கே அவை ஒன்றும் வேண்டாம். வேண்டியது வேலையின் தடயம். பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை), கட்டுரை, தொழில் தரநிலை ஆவணம், சந்தைக்கு வந்த பொருள். இவை நான்கும்தான்.

பேட்டன்ட்டில் இருந்து தொடங்குங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்தின் எஸ்பாசநெட் இரண்டும் இலவசம். ஜப்பானில் வேலை செய்தவர் என்றால் அந்த நாட்டு அலுவலகத்தின் தேடுதளத்தில் ஆங்கில இயந்திர மொழிபெயர்ப்பும் கிடைக்கும். தேடும்போது கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பெயரைப் போடுங்கள். உரிமையாளர் இடத்தில் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும், அதைப் பார்த்து "இது அவருடையதில்லை" என்று விட்டுவிட வேண்டாம்.

சறுக்கும் இடங்கள் இங்கேதான் அதிகம்.

ஒரே கண்டுபிடிப்பை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று மூன்று இடத்தில் பதிந்திருந்தால் மூன்று எண்கள் வரும். அது ஒரு குடும்பம், ஒரு கண்டுபிடிப்பு. மூன்றென்று எண்ணி "நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டன்ட்கள்" என்று எழுதினால், தெரிந்தவர் பார்த்த உடனே பிடித்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய மற்ற உண்மைகளையும் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்.

எண்ணின் வாலைக் கவனியுங்கள். அமெரிக்க எண்ணின் முடிவில் ஏ1 என்று இருந்தால் விண்ணப்பம் வெளியாகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். பி1 அல்லது பி2 என்று இருந்தால் பேட்டன்ட் வழங்கப்பட்டிருக்கிறது. 2001-க்கு முந்தியவற்றில் வெறும் ஏ என்றுதான் இருக்கும், அவை வழங்கப்பட்டவையே. இரண்டையும் கலக்காமல் தனித்தனிப் பட்டியலாகப் போடுங்கள்.

'காலாவதி' என்று கண்டால் பயப்பட வேண்டாம். பேட்டன்ட்டின் ஆயுள் பொதுவாக விண்ணப்பித்த நாளில் இருந்து 20 ஆண்டுகள். எண்பதுகளில் வேலை செய்த ஒருவரின் பேட்டன்ட்கள் காலாவதியாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பட்டியல் நீளமாக இருந்தால் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஐந்தாறைத் தெரிந்து, ஒவ்வொன்றின் கீழும் எந்தப் பொருளில் போனது, பின்னால் வந்த எத்தனை பேட்டன்ட்கள் இதைச் சுட்டுகின்றன என்று இரண்டு வரி எழுதுங்கள். சுட்டிய நிறுவனங்களில் போட்டி நிறுவனம் ஏதும் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொந்த நிறுவனம் சுட்டுவதைவிட அதற்குப் பெறுமதி அதிகம்.

கட்டுரைகளுக்கு ஐ ட்ரிபிள் ஈ-யின் எக்ஸ்ப்ளோர் தளத்தில் சுருக்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். முழுக் கட்டுரைக்கு டொலரில் கேட்பார்கள். கார்டை எடுக்காதீர்கள். எழுதியவரிடமே கேட்டால் அனுப்பிவிடுவார்.

விற்பனை எண்ணிக்கை எழுதும்போது மட்டும் கவனம். "எங்கட கொம்பனி அப்ப இவ்வளவு வித்தது" என்று அவர் போனில் சொல்வதை எழுத வேண்டாம். அது நிறுவன இரகசியமாகவும் இருக்கலாம், ஞாபகப் பிசகாகவும் இருக்கலாம். நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலோ வெளியான செய்தியிலோ உள்ள எண்ணை மட்டும் எடுங்கள்.

5. ஆதரவுக் கடிதம் தருபவர்கள்

குறைந்தது மூன்று பேர், கூடினால் ஐந்து. பரிந்துரைப்பவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

பாடசாலை அதிபர், பாராளுமன்ற உறுப்பினர், கோயில் தர்மகர்த்தா, இவர்களுடைய கடிதத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. சொன்னால் மனம் நோவார்கள், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் சங்கத்தில் இதற்காகவே ஒரு கூட்டம் முழுக்கப் போனது. அவர்களுக்கு வேண்டுமானால் பாராட்டு விழாவில் மேடை கொடுங்கள்.

மூன்று பேரும் ஒரே நிறுவனத்து ஆட்களாக இருப்பதும் சரியில்லை. கூட வேலை செய்த ஒருவர், வேறு நிறுவனத்தில் இருந்து அந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய ஒருவர், பல்கலைக்கழகத்திலோ தரநிலைக் குழுவிலோ இருந்த ஒருவர் என்று பிரித்தால் மூன்று பக்கத்தில் இருந்தும் வெளிச்சம் விழும். ஒவ்வொருவரிடமும் எதைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். ஒரே மாதிரிக் கடிதத்தை எழுதி மூவருக்கும் அனுப்பி "கையெழுத்து மட்டும் போடுங்கோ" என்று கேட்கும் நம் வழக்கத்தை மூட்டை கட்டி வையுங்கள். ஒரே வசனம் மூன்று கடிதத்தில் வந்தால் மூன்றும் குப்பைதான்.

கடிதம் கேட்டுப் போகும் அழைப்பு மின்னஞ்சல் அவர்களுடைய ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடக்கூடும். அனுப்பிய அன்றே வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

6. மணிவிழா மலர் எழுதாதீர்கள்

நமக்கு ஒருவரைப் புகழ்ந்து எழுத வரும். சின்ன வயதிலிருந்து வாழ்த்துரை கேட்டு வளர்ந்த ஆட்கள் நாம். இந்தப் படிவத்தில் அந்தக் கை ஓடினால் எல்லாம் கெட்டது. எனக்கு வந்த முதல் வரைவில், சங்கத்து மூத்தவர் ஒருவர் எழுதித் தந்தது, இப்படி ஒரு வசனம்: "இலத்திரனியல் உலகுக்கு அன்னார் ஆற்றிய அளப்பரிய சேவையை எழுத்தில் வடிக்க இயலாது." எழுத்தில் வடிக்கத்தானே படிவம் கேட்கிறது!

அதை நாங்கள் மாற்றிய விதம் இது. எந்தச் சிக்கல் இருந்தது: கையடக்கக் கருவிகளில் மின்கலம் சீக்கிரம் தீர்ந்தது. அவர் என்ன செய்தார்: மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றைப் புதிதாக வடிவமைத்தார், பேட்டன்ட் எண் இன்னது. அதில் அவருடைய பங்கு எது, குழுவின் பங்கு எது. எந்த ஆண்டு எந்தப் பொருளில் வந்தது. அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். அவ்வளவுதான், 'அளப்பரிய' என்ற சொல் தானாகவே கழன்றுவிட்டது.

மதிப்பிடும்போது துறையில் தலைமை, பங்களிப்பு, புதுமை, வேலையின் பரப்பு, கண்டுபிடிப்பின் பெறுமதி, வெளியீடுகள், எவ்வளவு காலம் நீடித்த வேலை என்று பலதையும் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலின் கடைசியில் பரிந்துரையின் தரமும் ஓர் அளவுகோலாகவே இருக்கிறது. ஆகவே உங்கள் எழுத்துக்கும் புள்ளி உண்டு.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, வசனம் சிறியதாக இருக்கட்டும். படிவத்தின் பெட்டிகளில் நீள எல்லை இருக்கும், அதை முதலே பார்த்துக் குறித்துவிட்டு வெளியே ஒரு கோப்பில் எழுதி ஒட்டுங்கள். நேரடியாகப் படிவத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அழுவதைத் தவிர வேறு வழியில்லை.

7. நாட்காட்டி

இந்த வகை விருதுகளுக்கான கடைசி நாள் ஜனவரி 15. அந்த வருடத்துத் திகதியைத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். நமக்கு இதைவிட மோசமான திகதி இருக்க முடியாது: அன்று அல்லது அதற்கு முந்தின நாள் தைப்பொங்கல்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இருந்து நத்தார், புதுவருட விடுமுறை. அது முடிந்த கையோடு ஜனவரி முதல் வாரங்களில் லாஸ் வேகாஸில் சீஈஎஸ் கண்காட்சி. நுகர்வோர் இலத்திரனியல் ஆட்கள் பலரும் அங்கேதான் நிற்பார்கள். நீங்கள் கடிதம் கேட்கப் போகும் ஆட்களும் அவர்கள்தான். ஜனவரியில் யாரிடமும் கடிதம் வாங்கிவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

நான் சொல்லும் ஒழுங்கு இது. நல்லூர்த் திருவிழாவுக்குப் பலர் ஊருக்கு வருவார்கள். உங்கள் ஆள் வந்தால் அப்போதே பிடித்து இருத்தி, பெயர்ப் பட்டியலையும் வேலை வரலாற்றையும் எழுதி முடியுங்கள். போனில் இதைச் செய்ய ஏலாது. தேர், தீர்த்தம் முடிய பேட்டன்ட் தேடல். ஒக்டோபரில் கடிதம் தருபவர்களைக் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். நவம்பரில் எழுதுங்கள், ஆனால் அது மாரி. புயலும் வெள்ளமும் வந்தால் கரண்டும் இன்ரநெற்றும் போகும் என்று கணக்கில் வையுங்கள். கடிதம் தருபவர்களுக்கு டிசம்பர் 10 என்று சொல்லுங்கள். 20-இல் வந்துசேரும். திருவெம்பாவை நாட்களிலேயே முழுவதையும் அனுப்பிவிட்டால், பொங்கலை நிம்மதியாகப் பொங்கலாம்.

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் ஜனவரியில் நம்மைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். அதை இலாபமாக எண்ணி 16-ஆம் திகதி காலையில் கணினிக்கு முன்னால் உட்காருவது உங்கள் நெஞ்சுக்கு நல்லதல்ல.

8. செலவு

பரிந்துரைக்கக் கட்டணம் இல்லை. கடிதம் தருபவர்களும் ஒன்றும் கட்டத் தேவையில்லை. பேட்டன்ட் தேடல் இலவசம். அச்சிட்டுத் தபாலில் அனுப்பும் வேலையும் இல்லை. டேட்டாவுக்குப் போகும் காசும், கிளிநொச்சிக்குப் போனால் பஸ் காசும்தான் செலவு.

இதனால்தான் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்கிறேன். "உங்கள் சாதனைக்காக நீங்கள் சர்வதேச விருதுக்குத் தெரிவாகியுள்ளீர்கள், பதிவுக் கட்டணமாக இவ்வளவு டொலர் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அது வியாபாரம். பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, மேடையும் கேடயமும் படத்தில் எவ்வளவு வடிவாக இருந்தாலும் சரி. ஓய்வுபெற்ற நல்ல மனிதர்கள் பலர் இதில் காசைக் கொடுத்துவிட்டு வெளியில் சொல்லாமல் இருக்கிறார்கள். "நான் முடித்துத் தருகிறேன், இவ்வளவு தாருங்கள்" என்று உள்ளூரில் யாராவது வந்தாலும் அதே பதில்தான்.

9. அனுப்பிய பிறகு

முகநூலில் போடாதீர்கள். பரிந்துரை இரகசியமாக இருக்க வேண்டியது. "விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளார்" என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி போடுவதும், வாழ்த்துப் பதாகை கட்டுவதும் அந்த மனிதருக்குத்தான் தர்மசங்கடம். பரிந்துரை யாரும் செய்யலாம், அதில் செய்தி ஒன்றுமில்லை.

முடிவு உடனே வராது. ஒரு ஜனவரியில் அனுப்புவது அடுத்த வருட விருதுக்கு. நடுவில் ஒவ்வொரு மாதமும் "என்ன மாதிரி, ஏதும் வந்ததோ?" என்று சங்கத்தில் கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்காவிட்டால் மீண்டும் அனுப்பலாம். நீங்கள் எழுதியவற்றை எல்லாம் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அதில் ஒன்று உங்கள் மின்னஞ்சலுக்கு வெளியே இருக்கட்டும். அடுத்த ஓகஸ்ட்டில் பேட்டன்ட் பட்டியலை எடுத்து, புதிதாகச் சுட்டியவை ஏதும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடிதம் தந்த யாராவது ஓய்வுபெற்று மின்னஞ்சல் முகவரி மாறியிருந்தால் அதையும் அப்போதே திருத்துங்கள்.